ஐம்பது வயதில் கட்டை விளையாட்டா? ஆமாம், அதனால் என்ன!

“டாக்டர், இவருக்குத் தூக்கத்துக்கு மருந்து கொடுக்கறீங்க, சரி. அப்படியே இந்தச் சின்னப்பிள்ளைப் புத்தி போறதுக்கும் ஏதாவது சூரணம் இருந்தா சேர்த்துக் கொடுங்க!”

மூன்று வருடங்களுக்கு முன்னால் என் மருத்துவமனையில் ஓர் அம்மாள் இப்படிச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். வயது 54. வங்கி அதிகாரி. கிளையில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், இங்கே பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தார்.

விஷயம் இதுதான். பையன் படிப்பு முடிந்து புனேக்கு வேலைக்குப் போய்விட்டான். போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது, அவன் சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடைத்தன. தலையில் குமிழ் குமிழாக இருக்குமே, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளுமே, அந்தக் கட்டைகள்தான். தூசி தட்டி யாருக்காவது கொடுக்கலாம் என்று உட்கார்ந்தவர் ராத்திரி பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதம் கடையிலிருந்து புதிதாக ஒரு பெட்டி வந்தது. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. சாப்பாட்டு மேஜையில் பாதி போய்விட்டது.

“என்ன சார் கட்டறீங்க?” என்று கேட்டேன்.

முதலில் பேசவே இல்லை. பிறகு மெதுவாக, “எங்க ஊர் வீடு டாக்டர். திண்ணை, நடை, முற்றம், ரெண்டாங்கட்டு... அப்பாவுக்குப் பிறகு பாகப்பிரிவினையில வித்துட்டோம். எல்லாம் வந்துடுச்சு. முற்றத்துத் தூண்தான் சரியா அமைய மாட்டேங்குது” என்றார்.

“பேத்தி எடுக்கற வயசு! வீட்டுக்கு யாராவது வந்தா எனக்கு மானம் போகுது” என்றார் அம்மாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய மனுஷன் மாதிரி அந்த அம்மாளைப் பார்த்துத் தலையாட்டினேன். “கொஞ்சம் குறைச்சுக்குங்க சார். வயசுக்குத் தகுந்த மாதிரி ஏதாவது வைச்சுக்கலாமே... கோயில், வாக்கிங்...” என்றேன். ராத்திரிப் பாலில் கலந்து சாப்பிட அமுக்கராச் சூரணம் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். அனுப்பிவிட்டேன்.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில், கீழ்த்தட்டில், தைல பாட்டில்களுக்குப் பின்புறம் ஒரு பெட்டி இருந்தது. சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டைகள். என்னுடையவை! ராத்திரி எட்டரைக்குக் கடைசி நோயாளி போனதும், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு அரை மணி நேரம் கட்டை அடுக்குவது என் வழக்கம். பத்து வருடப் பழக்கம். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து அவர் மட்டும் தனியாக வந்தார். “எல்லாத்தையும் மச்சினி பையனுக்குக் கொடுத்துட்டேன் டாக்டர். வீட்டைப் பிரிச்சுத்தான் கொடுத்தேன்” என்றார். தூக்கம் எப்படி என்று கேட்டேன். “அது வரலை. ரெண்டு மணி வரைக்கும் செல்போன் பார்த்துக்கிட்டுக் கிடக்கறேன். ஆனா அதுக்கு வீட்ல ஒண்ணும் சொல்றதில்லே.”

கட்டையை விட்டதால்தான் தூக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்பும் தூக்கம் சரியில்லைதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது. நடு ராத்திரி வரை கையில் செல்போனோடு படுத்துக் கிடந்தால் அது பெரியவர்கள் செய்கிற காரியம். மேஜையில் உட்கார்ந்து தன் கையால் ஒரு வீடு கட்டினால் அது சின்னப்பிள்ளைப் புத்தி. இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள்!

எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு பெட்டி லெகோ கொண்டுவந்தார். எங்கள் தெருவிலேயே அதை யாரும் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார்கள். பிறகு அம்மா அதை வாங்கி, “தொலைச்சுடுவான்” என்று சொல்லி, கண்ணாடி அலமாரியில் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்! பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பூட்டிய அலமாரி இருந்திருக்கும். அதில் ஒரு தலையாட்டி பொம்மையோ, சாவி கொடுத்தால் ஓடும் காரோ சிறைப்பட்டிருக்கும்.

பிறகு பாளையங்கோட்டைக்குச் சித்த மருத்துவம் படிக்கப் போனேன். அங்கே கைக்கு வேலை நிறைய. கல்வத்தில் சாமக் கணக்கில் மருந்து அரைக்க வேண்டும். ஒரு சாமம் என்றால் மூன்று மணி நேரம். அகலுக்குச் சீலைமண் செய்ய வேண்டும். புடம் போட வறட்டி அடுக்க வேண்டும். கவுதாரிப் புடத்துக்கு மூன்று, கோழிப் புடத்துக்குப் பத்து, கஜபுடம் என்றால் ஆயிரம். ஆயிரம் வறட்டியைச் சரியாமல் அடுக்கிப் பாருங்கள்! கூடப் படித்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது பிடித்தது. ஏன் பிடித்தது என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது அவளுக்கு என்று சொல்லி ஒரு பெட்டி வாங்கினேன். அவள் இரண்டு நாள் விளையாடிவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள். நான் போகவில்லை.

இந்தக் கட்டைக்கே ஒரு கதை இருக்கிறது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்று ஒரு தச்சர். உலகமெங்கும் பொருளாதாரம் படுத்துவிட்ட நேரம் அது. வீடு கட்டுகிறவர்கள் இல்லை, தச்சருக்கு வேலையும் இல்லை. 1932-இல் ஏணி, துணி தேய்க்கும் பலகை, இவற்றோடு மரப் பொம்மைகளும் செய்து விற்க ஆரம்பித்தார். டேனிஷ் மொழியில் ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு சொற்களின் தலைகளை ஒட்டவைத்து ‘லெகோ’ என்று பெயர் வைத்தார். 1949-இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அதுகூட அவர்கள் சொந்தச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் செய்துவந்த கட்டையைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் அந்தக் கட்டைகளுக்கு அடிப்பக்கம் வெறும் கூடு. கட்டி முடித்து நகர்த்தினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். தச்சரின் மகன் கோட்ஃபிரெட் காலத்தில்தான், உள்ளே சின்னச் சின்னக் குழாய்களை வைத்துப் பிடிப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்குக் காப்புரிமை கேட்டு மனு போட்டது 1958 ஜனவரி 28. அன்றைக்குச் செய்த கட்டை இன்றைக்குக் கடையில் வாங்கும் கட்டையோடு ‘டக்’கென்று பொருந்தும். அறுபது வருடத்துக்கு மேலாகியும்! எங்கள் வீட்டு மிக்ஸிக்கு மூன்று வருடம் கழித்து ஜார் கிடைப்பதில்லை.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே மாதிரி கட்டைகள் இரண்டைச் சேர்க்க 24 வழிகள். மூன்று என்றால் 1,060. ஆறு கட்டை என்றால் எத்தனை இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765! டென்மார்க்கில் கணித ஆசிரியர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கண்டுபிடித்த கணக்கு இது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் ஆறு கட்டை. நம் ஆயுளில் தீராது.

பெரியவர்களுக்கும் இந்த ஆசை உண்டு என்பதை அந்தக் கம்பெனிக்காரர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். 2008-இல் தாஜ்மகாலைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். 5,922 துண்டுகள். எந்தக் குழந்தை இதைக் கட்டும்? 2020 முதல் சில பெட்டிகளில் ‘18+’ என்றே போடுகிறார்கள். நம் ஊரில் அந்த எண்ணைப் பார்த்தால் வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நவராத்திரிக்கு உங்கள் வீட்டிலோ, எதிர்வீட்டிலோ கொலு வைக்கிறார்களே, அது என்ன? படிக்கு ஓரத்தில் மண் கொட்டி, பார்க் கட்டி, கடுகு தூவிப் புல் முளைக்க வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக் குளமாக்கி, அதில் ஒரு பிளாஸ்டிக் வாத்தை மிதக்க விட்டு, மலைமேல் முருகனையும் அடிவாரத்தில் கிரிக்கெட் டீமையும் நிறுத்துகிறோமே! அறுபது வயது அத்தை, “அந்தச் செட்டியாரை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்து” என்று ராத்திரி பத்து மணிக்கு முட்டி வலியோடு உட்கார்ந்துகொண்டு சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பது நாள் முட்டி வலிக்கு என்னிடம் யாரும் வருவதில்லை. பத்தாம் நாள் வருகிறார்கள்! சாமி பேரைச் சொன்னால் பெரியவர்களும் விளையாடலாம், தப்பில்லை. சாமி இல்லாமல் விளையாடினால்தான் சின்னப்பிள்ளைப் புத்தி ஆகிவிடுகிறது. கோலமும் அப்படித்தான். மார்கழி விடியலில் இருபத்தோரு புள்ளி வைத்து ஒரு மணி நேரம் குனிந்து போட்டதை, காலை ஒன்பது மணிக்கு ஒரு ஸ்கூட்டர் கலைத்துவிட்டுப் போகும். இதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டோமா?

சித்த மருத்துவத்தில் கன்மேந்திரியம் என்று ஐந்தைச் சொல்வோம். வாய், கால், கை, எருவாய், கருவாய். இதில் வாய்க்கு நாம் ஓய்வே கொடுப்பதில்லை. எருவாய் பற்றித்தான் என்னிடம் வருகிற பாதிப் பேர் பேசுவார்கள். கால்களுக்கு வாக்கிங். கையை யாரும் நினைப்பதே இல்லை. அம்மியும் உரலும் போய்விட்டன. பேனா போய்விட்டது. பெருவிரலால் கண்ணாடியைத் தேய்ப்பது ஒன்றுதான் கைக்கு மிச்சமிருக்கும் தொழில். நாள் முழுக்கக் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிற ஒரு மனிதனின் கை, தான் தொட்டது தொட்ட இடத்தில் நிற்கிறது என்ற ஒரு சுகத்துக்கு ஏங்குமா, ஏங்காதா? எனக்கு ஏங்குகிறது.

ஆனால் ஒன்று. இதை மருந்தாக்கிவிடாதீர்கள். ‘கட்டை அடுக்கினால் ஞாபகசக்தி கூடும், பிளட் பிரஷர் குறையும்’ என்று எழுதினால் நாளைக்கே பலரும் வாங்கிவிடுவார்கள், தெரியும். நான் எழுத மாட்டேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் குழுவாக உட்காரவைத்து, ஒருவர் படம் பார்த்துச் சொல்ல, ஒருவர் கட்டை எடுத்துக் கொடுக்க, ஒருவர் பொருத்த என்று பழக்கும் முறையை அமெரிக்காவில் டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் உருவாக்கி 2004-இல் ஆய்வாக வெளியிட்டார். அது அந்தக் குழந்தைகளுக்கான, பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் முறை. உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தாது. நமக்கு இருப்பது பிடித்தம், அவ்வளவுதான். பிடித்ததைச் செய்ய ஏன் டாக்டர் சீட்டு வேண்டும்?

டாக்டராகச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் நேரம். சித்த நூல்கள் அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்கின்றன. அதில் தூக்கமும் ஒன்று. கொட்டாவி வந்த பிறகும், ‘இன்னும் ஒரு வரிசை’ என்று உட்காராதீர்கள். (இதைச் சொல்ல எனக்கு அருகதை கம்மி.) தரையில் சம்மணம் போட்டு முதுகைக் கூனி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும். மேஜையில், நல்ல வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் பெட்டியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். எங்கள் அம்மா பூட்டினது போல! 2018-இல் குழந்தை நல மருத்துவர்கள் ஆறு பேர் தாங்களே ஆளுக்கொரு லெகோ பொம்மைத் தலையை விழுங்கிவிட்டு, அது எப்போது வெளியே வருகிறது என்று மலத்தைத் தேடிப் பார்த்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார்கள். சராசரி 1.71 நாள். ஒருவருக்கு மட்டும் கிடைக்கவே இல்லையாம்! படிக்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் பெரியவர்கள், அது வழுவழுப்பான துண்டு, போனது இரைப்பைக்கு. குழந்தைக்கு மூச்சுக்குழலில் போய்ச் சிக்கினால் நிமிடக் கணக்குத்தான். திடீரென்று இருமல், மூச்சுத் திணறல் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காந்தமோ, பட்டன் பேட்டரியோ விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலும் அப்படியே. ‘வெளியே வந்துடும்’ என்று காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது பணம். பெரிய பெட்டிகளின் விலை கொள்ளை. தவணையில் வாங்கினீர்கள் என்றால் அது விளையாட்டே இல்லை, வினை. பழைய பிஸ்கட் டின் போதும். ஆறு கட்டைக்கு எத்தனை கோடி வழி என்று சொன்னேனே!

இன்னொரு வியாதி உண்டு, அது அடுக்குகிறவர்களுக்கே வரும். 2014-இல் வந்த ‘தி லெகோ மூவி’ என்ற படத்தில் ஓர் அப்பா வருவார். வீட்டு நிலவறை முழுக்க நகரமே கட்டி வைத்திருப்பார். மகன் தொடக் கூடாது. கடைசியில் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடப் பார்ப்பார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பூட்டிவைத்ததற்காக அம்மாவைக் கோபித்துக்கொண்ட நான், என் மகள் ஒருநாள் என் கோபுரத்திலிருந்து இரண்டு கட்டையை உருவினபோது என்ன சத்தம் போட்டேன் தெரியுமா! அவள் படம் வரையப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு தப்பு செய்தேன் என்று சொன்னேன் அல்லவா? அலமாரியில் இருந்ததை மறைத்தது ஒன்று. அடுத்தது, அந்த அம்மாளை நான் ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டது. அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பையனும் ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் சாயங்காலம் ஆனால் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்துவிடுகிறார். “என்கிட்டே பேசறதே இல்லே டாக்டர்” என்று அன்றைக்கே போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் நிஜமான புகார். எனக்குக் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. கட்டையைத் திட்டினால் கணவரைத் திட்டின மாதிரி இருக்காது என்று அதைத் திட்டினார். நானும் கட்டைக்கு மருந்து கொடுத்தேன்.

போன வருடம் இரண்டு பேரும் அம்மாளின் மூட்டு வலிக்காக வந்திருந்தார்கள். நாடி பார்த்து முடித்ததும் எழுந்து அலமாரியைத் திறந்தேன். தைல பாட்டில்களை ஒதுக்கிப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். “இது என்னோடது சார். அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கையை விட்டு அளைந்தார். ஒரு வட்டக் கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். “இது மாதிரி எட்டு இருந்தா தூண் வந்துடும். ஒரு தூணுக்கு எட்டு. நாலு தூண்...” என்று ஆரம்பித்து, என் மருந்துச் சீட்டு ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு வரைந்தார். திண்ணை. நடை. முற்றம். முற்றத்துக்கு இடது பக்கம் கிணறு.

அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“கிணறு அந்தப் பக்கம் இல்லீங்க. ரெண்டாங்கட்டைத் தாண்டி, மாட்டுக்கொட்டாய்ப் பக்கம். கல்யாணமாகி வந்து ஆறு வருஷம் நான் இல்லே தண்ணி எறைச்சேன், எனக்குத் தெரியாதா?”

“இல்லேம்மா, இந்தப் பக்கம் ஒரு...”

“அது தொட்டி. நீங்க எப்ப அடுக்களைப் பக்கம் வந்தீங்க? இங்கே கொடுங்க பேனாவை.”

அம்மாள் வரைய ஆரம்பித்தார். கிணறு, துவைக்கிற கல், நார்த்தை மரம், மாமியார் முறுக்குப் பிழிய உட்காரும் இடம். சீட்டில் இடம் போதவில்லை, திருப்பிப் போட்டுக்கொண்டார். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். மூட்டு வலிக்கு மருந்து எழுத நான் வேறு சீட்டு எடுத்துக்கொண்டேன்.